குரலும் முகமும் அசையாதவள்

எங்கள் சீன மொழியில் நாலே எழுத்தில் சொல்லும் ஒரு பேச்சு உண்டு. குரல் அசையாது, முகத்தின் நிறமும் அசையாது என்று அர்த்தம். டீக்கடையில் கதை சொல்கிறவர் பழைய காலத்துத் தளபதி யாரையாவது பற்றி மேசையைத் தட்டி அதைச் சொன்னால் கூட்டம் கைதட்டும். அதே நாலு எழுத்தை யென் குய்ரோங்கைப் பற்றிச் சொன்னபோது பெண்கள் தரையில் துப்பினார்கள். பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழாமல் நின்ற அம்மாவுக்கு அது வசவு.

தூவோ ஆற்றங்கரையில், சர்க்கரை ஆலைக் குடியிருப்புக்கு எதிரே குளிர் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறேன். யென் அக்கா அந்தக் குடியிருப்பின் மாடியில் இருந்தாள். ஆலையில் மூட்டை தைக்கிற பிரிவில் வேலை. புருஷன் லாய் அதே ஆலையில் லாரி ஓட்டினான். ஒரே மகன். நிஜப் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை. மாவ்தோ என்றுதான் கூப்பிடுவோம். பச்சை சோயாக் கொட்டை என்று அர்த்தம். ஆளும் அப்படித்தான், உருண்டையாக, பளபளவென்று இருப்பான்.

அவனுக்கு நாலு வயதாக இருந்தபோது, வசந்த காலத்தில் ஒரு மதியம், கீழே முற்றத்தில் கரிக்குவியலுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அக்கா மாடிச் சமையலறையில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு ஆணின் குரல் கேட்டது.

"சின்ன முதலாளி, டிராகன் வேணுமா, குரங்கு வேணுமா?"

சர்க்கரைப் பாகில் பொம்மை வரைந்து குச்சியில் ஒட்டி விற்கிறவன் என்று நினைத்தாள். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருவன் வருவான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கி வந்தபோது முற்றத்தில் யாருமில்லை. தெருவில் ஓடி வந்து என்னிடம் கேட்டாள். அன்று எங்கள் தெருவுக்குப் பாகு வண்டியே வரவில்லை.

ஊரே தேடியது. ஆற்றில் படகு விட்டார்கள். பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினார்கள். லாய் தலையில் அடித்துக்கொண்டு நடுத்தெருவில் உருண்டான். யென் அக்கா காவல் நிலையத்தில் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அந்தக் குரல் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். கடைசிச் சொல்லின்போது பல்லிடுக்கில் காற்று சீறும் என்பதையும் சொன்னாள். குரல் உடையவில்லை. கண் கலங்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

பேச்சு அன்றே கிளம்பிவிட்டது.

"பெத்தவளா அவ? கல்லு கூட வேர்க்கும்டி."

"எனக்கென்னவோ அவளே வித்திருப்பாளோன்னு இருக்கு."

இதெல்லாம் அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். என் கடை வாசலில் நின்று சொன்னார்கள். அவள் வினிகர் வாங்கிக்கொண்டு, எப்போதும் போல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

லாய் ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டினான். திரும்பி வரும்போதெல்லாம் குடித்திருப்பான். ஒருநாள் ஜன்னல் வழியாக அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அங்கயும் சட்டியக் கவுத்து வச்சிருக்கியா? ஒரு தரம் அழுடி! எனக்காகவாவது அழுது தொலை!"

"சாப்பாடு ஆறுது," என்றாள் அவள். "சாப்ட்டுட்டு அப்பறம் திட்டு."

தெற்கே குவாங்தோங் பக்கம் மாவ்தோ மாதிரி ஒரு பையனைப் பார்த்ததாக யாரோ சொல்லி லாய் அங்கே போனான். வரவில்லை. சில வருஷம் கழித்து, அங்கே அவனுக்கு ஒரு பெண்டாட்டியும் பெண் குழந்தையும் இருப்பதாகச் செய்தி வந்தது. அக்கா அதையும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஆலையை மூடினார்கள். கையில் வந்த காசில் அவள் கீழ்த்தளத்தில், காய் வைத்துக் காசுக்கு ஆடும் மாஜோங் கூடம் ஒன்று திறந்தாள். எல்லோருக்கும் ஆச்சரியம், ஏனென்றால் அவள் ஆடவே மாட்டாள். சுவர் ஓரம் வெந்நீர் பிளாஸ்குகளுக்குப் பக்கத்தில், ஆடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். உள்ளூர் ஆட்கள் தாங்களே போய் டீக்குவளையில் வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். புது முகம் யாராவது வந்தால் மட்டும் அவளே எழுந்து போய் ஊற்றுவாள், பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுப்பாள். வியாபார மரியாதை என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் அவள் சமையலறையில் இருவரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். கேட்கக் கூடாதுதான், வாய் நிற்கவில்லை.

"நீ ஏங்க்கா அழவே இல்ல?"

அவள் ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "அந்த ஆளோட மொகத்த நான் பாக்கல. கொரல் ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. நான் ஓன்னு அழுதா அந்தச் சத்தத்துல அது கலைஞ்சிருமோன்னு பயம். இன்னிக்கி வேண்டாம், நாளைக்கி அழலாம்னு வச்சேன். அப்பிடியே போயிருச்சு."

"இன்னுமா ஞாபகம் இருக்கு?"

"ஞாபகம் இல்ல, தங்கச்சி. கேக்குது. பாத்திரம் கழுவுனா கேக்குது. மழை பெஞ்சா கேக்குது. இப்ப நீ பேசுறியே, உன் பேச்சுக்கு அடியில கேக்குது."

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. எங்கள் இருவரோடு மூன்றாவதாக ஒருவன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கும்.

வருஷங்கள் ஓடின. புத்தாண்டுக்கு முந்தைய வாரம் அது. எல்லா ஜன்னலிலும் பன்றி இறைச்சிக் குழல்கள் புகையில் காய்ந்து தொங்கின. கூடத்தில் நல்ல கூட்டம். முடிவெட்டுகிற ஹெ தன் பக்கத்து உறவு என்று ஒரு வெளியூர்க்காரரை அழைத்து வந்திருந்தான். அறுபது வயதிருக்கும், கோவ் என்று பெயர் சொன்னார். சுத்தமான மேல்கோட்டு, சிரித்த முகம். ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த மேசைக்கு நூடுல்ஸ் கொண்டுபோயிருந்தேன். யென் அக்கா பிளாஸ்க்கோடு அவர் குவளைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குழந்தை, தத்தக்கா பித்தக்கா என்று நடந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்தது. அவர் குனிந்து, பையில் கைவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சின்ன முதலாளியம்மா, மிட்டாய் வேணுமா, ஆரஞ்சு வேணுமா?"

கடைசியில் ஒரு சீறல்.

நான் யென் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். எப்போதும் நிறுத்தும் அளவில் நிறுத்தினாள். குவளையின் மூடியை வைத்தாள். ஒரு சொட்டு கீழே விழவில்லை. நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டேன்.

நிதானமாக நடந்து என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கி உன் நூடுல்ஸ்ல உறைப்பே இல்ல, தங்கச்சி. வேற ஒண்ணு கொண்டா. போற வழியில பாங்கு கிட்ட சொல்லிட்டுப் போ, அவன் மாமியாருக்கு இடம் காலியா இருக்குன்னு. உடனே வந்தா கெடைக்கும்."

பாங், எங்கள் வட்டாரக் காவல் நிலையத்து அதிகாரி. அவனுடைய மாமியார் செத்துப்போய் வெகு நாளாயிற்று. கல்லறைக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஓடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தெருமுனை வரை நடந்தேன். அதற்குப் பிறகு ஓடினேன்.

பாங் நிலையத்தில் இல்லை. யாரோ ஒருவர் வீட்டு மாட்டுத் தகராறைத் தீர்க்கப் போயிருந்தான். போனில் பிடித்து வரவழைப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அதற்குள் கூடத்தில் என்ன நடந்தது என்பதை மேசையில் இருந்த ஹெ பிறகு சொன்னான்.

கோவ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாராம், பேருந்துக்கு நேரமாயிற்று என்று. யென் அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாளாம்.

"காய் நல்லா விழுறப்ப யாராச்சும் எழுந்திருப்பாங்களா, அண்ணே? என்கூட ரெண்டு கை ஆடிட்டுப் போங்க."

ஹெ வாயைப் பிளந்தானாம். "நீ ஆடுவியா, அக்கா? இத்தன வருஷமா எங்களுக்கு வெந்நீர் மட்டுந்தான் ஊத்துன!"

"கேட்டுக் கேட்டு வந்துருச்சு."

ஆடினாள். அவருக்கு எந்தக் காய் தேவையோ அதையே பார்த்துப் பார்த்துப் போட்டாள். அவர் ஜெயித்தார். மறுபடி ஜெயித்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"அண்ணனுக்கு கொழந்தைங்கன்னா ரொம்பப் பிரியமோ?"

"பிரியம்னா பிரியம். அதுங்களுக்கும் என்னப் பிடிச்சிரும், முதலாளியம்மா. ராசி."

"சின்ன வயசுல என்ன தொழில்?"

"எல்லாந்தான். ஊர் ஊரா யாவாரம்." அவர் அவளை உற்றுப் பார்த்தாராம். "உங்க மொகத்தப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலயே. தோஃபுக் கட்டி மாதிரி வழவழன்னு இருக்கு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க," என்று அக்கா காயைப் போட்டாள்.

பாங்கும் இன்னொருவனும் சாதா உடையில் உள்ளே நுழைந்தபோது நானும் பின்னாலேயே நுழைந்தேன். பாங் அவள் காதருகே குனிந்து, "அக்கா, வெறும் கொரல வச்சு ஒருத்தன நான் பிடிக்க முடியாது," என்று முணுமுணுத்தான்.

"அட்டையப் பாரு மொதல்ல," என்றாள் அவள், திரும்பாமலே.

அடையாள அட்டையைக் கேட்டதும் கோவின் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. அட்டையில் இருந்த முகம் அவருடையது இல்லை. ஜாடை ஒட்டிய வேறு யாரோ. பாங் அவர் தோளில் கைவைத்தான். அவர் அங்கே இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு யென் அக்காவைத்தான் பார்த்தார்.

"யாரு நீ?"

"அவன் குரங்கு வேணும்னான்," என்றாள் அக்கா. "டிராகனா குரங்கான்னு நீ கேட்ட. குரங்குன்னு சொன்னான். அதுக்கப்பறம் அவன் பேசுனத நான் கேக்கல. வேற என்ன சொன்னான்? வழியில என்ன பேசுனான்?"

அதே குரலில்தான் கேட்டாள், பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போல. கோவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயத்தில் உதடு கோணிக்கொண்டது. அந்தக் கேள்விக்கு அவர் கடைசி வரை பதில் சொல்லவில்லை.

விசாரணையில் வேறு பெயர் வெளிவந்தது, வேறு மாகாணங்களில் தேடப்படுகிறவர் என்பதும், அவர் தூக்கிக்கொண்டுபோனது மாவ்தோ ஒருவனை மட்டுமல்ல என்பதும். மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் ரத்தம் எப்போதோ எடுத்து வைத்திருந்தார்கள். வசந்தம் பிறந்த பிறகு பாங் மூச்சிரைக்கப் படியேறி வந்து சொன்னான்: ஃபூஜியன் கடற்கரையில் ஒருவன் இருக்கிறான், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, பெயர் வெங் ஜுன்காய், ரத்தம் ஒத்துப்போகிறது.

காவல் நிலையக் கூடத்தில் சிவப்புத் துணி கட்டி, வாசலில் பட்டாசு வெடித்து, டிவி ஆட்களை வரவழைத்து அவனை அழைத்து வந்தார்கள். நெடுநெடுவென்று ஒரு இளைஞன், வெயிலில் கறுத்தவன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அக்கா அவன் முன்னால் போய் நின்றாள். மைக் நீண்டது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்," என்றான், எங்களுக்குப் பாதிதான் புரிகிற கடற்கரைப் பேச்சில்.

டிவிக்காரப் பெண் அவள் முதுகைத் தடவினாள். "ஆன்ட்டி, அடக்காதீங்க. இத்தன வருஷத்து துக்கம், அழுதிருங்க."

அக்கா அவளை மரியாதையாகப் பார்த்தாள். நான் பின்னால் நின்று ஓலமிட்டு அழுதுகொண்டிருந்தேன், மூக்கு ஒழுக. கேமரா என் பக்கம் திரும்பியது. அன்று மாலைச் செய்தியில் மகனைக் கண்டு கதறும் தாய் என்று நாடு முழுக்கக் காட்டினார்களே, அது நான்தான்.

குவாங்தோங்கில் அதைப் பார்த்த லாய் பாங்குக்கு போன் போட்டானாம். "டிவியில அழுவுறது நூடுல்ஸ்காரி இல்ல? குய்ரோங் எங்க?" அடுத்த ரயிலில் வந்தான். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தான். மகனின் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பையனும் உடைந்துபோய் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டான். அழுகிற ஒருவரை என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியும். அக்கா கதவோரம் நின்று, இரண்டு பேருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

லாய் போன பிறகு பையன் சில நாள் தங்கினான். மிளகாய் நாக்கில் பட்டாலே இருமினான். அவனுக்காக அக்கா எல்லாவற்றையும் வெறும் உப்பில் வேகவைத்தாள். சாயங்காலமானால் அவன் ஜன்னலோரம் போய் போனில் தன்னை வளர்த்தவளிடம் பேசுவான். "அம்மா" என்ற ஒரு சொல் மட்டும் எல்லாப் பேச்சு வழக்கிலும் ஒன்றுதானே. அக்கா அப்போது குழாயைத் திறந்துவிட்டுக் கீரை அலசுவாள்.

ஒரு நாள் அவன் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"சின்னம்மா, அவங்களுக்கு என்னப் பிடிக்கலயா? மீட்டர் பாக்க வந்தவனப் பாக்குற மாதிரி பாக்குறாங்க."

மிளகாய் போடாத நூடுல்ஸை அவன் முன்னால் வைத்தேன்.

"இன்னொண்ணு. அவங்க வாசக்கதவ சாத்தவே மாட்டேங்குறாங்க. நான் சாத்துனா வந்து தொறந்துடுறாங்க. குளுரு தாங்கல."

அன்று மாலை கிண்ணம் வாங்கிவரும் சாக்கில் அவனோடு நானும் மேலே போனேன். அக்கா உள் விளக்கைப் போடாமல் திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தாள். மூன்று பேரும் நின்றோம். படிக்கட்டில் ஒன்றுமில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"போயிட்டான்," என்றாள்.

"யாரு?" என்றான் பையன்.

"நீ வந்தா அந்தச் சின்னவன் நின்னுருவான்னு நெனச்சேன். நிக்கல. இன்னும் ஏறி எறங்கிட்டுதான் இருக்கான்." அவள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். "உன் காலடி கனமா இருக்கு. அது வேற சத்தம்."

பையன் என்ன நினைத்தானோ, ஓடிப்போகவில்லை. நாற்காலியைக் கதவுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எப்பிடி இருப்பான்?" என்றான்.

அக்கா சொன்னாள். அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, தட்டுக்கு அடியில் ஒளிப்பான். லாரி ஹாரன் கேட்டால் அப்பா என்று ஜன்னலுக்கு ஓடுவான். சில எழுத்து நாக்கில் புரளாது. கரியைத் தொட்டுவிட்டு முகத்தில் தேய்த்துக்கொண்டு புலி என்பான். அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பையன், அது வேறு யாரோ ஒருவன் போல, செத்துப்போன ஒரு சின்னப் பையன் போல, கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தும்போதெல்லாம், "அப்பறம்?" என்றான். கடைசியில் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் எழுந்து, ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவன் தலைமேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

கோவுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. தீர்ப்பன்று அக்கா போய் அந்த ஆளுடைய குரலை இன்னொரு தரம் கேட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளுக்குக் கேட்பதில்லையாம். மாஜோங் கூடத்தை ஹெவிடம் விட்டுவிட்டாள்.

ஜுன்காய் கடற்கரைக்குத் திரும்பிப்போனான். கல்யாணம் ஆயிற்று. அக்கா போய் வந்தாள். அவனை வளர்த்தவள் இவள் முன்னால் தலை நிமிரவே இல்லையாம், இவள்தான் அவள் தட்டில் மீன் எடுத்து வைத்தாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முகம் தெரியும்படி போன் போடுகிறான். அக்காவுக்கு அந்த வசதி பிடிபடவே இல்லை. போனை எடுத்து நேராகக் காதில் வைத்துக்கொள்கிறாள்.

"மொகத்தக் காட்டுங்களேன்," என்று அவன் கத்துவது எனக்கே கேட்கும்.

"என் மொகத்துல பாக்க என்ன இருக்கு? நீ பேசு."

அவன் திரையில் அவளுடைய காதும் கொஞ்சம் நரைமுடியும்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பட்டறை, பெண்டாட்டி, மீன் விலை எல்லாம் பேசுகிறான். பேசி முடித்ததும் அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, குளிரோ மழையோ, படிக்கட்டுப் பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.